எண்பது எழுத்துப் பூட்டு

மனித குலத்தின் வரலாறு இன்று முற்பகல் பத்தரை மணியிலிருந்து இரண்டாகப் பிரிக்கப்படுகிறது என்பதை அரசு பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. பத்தரைக்கு முன் நடந்தவை அனைத்தும் முன்னுரை. பின் நடக்கவிருப்பவை அனைத்தும் மாண்புமிகு வானலைத் துறை அமைச்சரின் தலைமையில் நடைபெறும். பொதுமக்கள் தங்கள் வாகனங்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு வரவும்.

பச்சைமலை வானலை நிலையத்தின் வாசலில் இந்த அறிவிப்பை ஒட்டச் செய்தவர் தனி அலுவலர் ஞானசிகாமணி. எதையும் சாதாரணமாகச் சொல்லத் தெரியாத மனிதர். நிலையத்தின் கழிப்பறைக் குழாய் ஒழுகியபோது அவர் விட்ட சுற்றறிக்கையைப் படித்தவர்கள், ஏதோ அணை உடைந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் இந்த முறை ஒரு சங்கடம். விஷயம் உண்மையிலேயே அவருடைய சொற்களைவிடப் பெரியதாக இருந்தது.

நான்கு மாதங்களுக்கு முன், ஒன்பது ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு மங்கலான சிவப்பு நட்சத்திரத்தின் பக்கமிருந்து எண்கள் வரத் தொடங்கியிருந்தன. முதலில் சின்னச் சின்ன எண்கள். பிறகு கொஞ்சம் பெரியவை. கடைசியில் அறுநூற்றுப் பதினேழு இலக்கம் கொண்ட ஒற்றை எண். அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இது என்ன என்று பதினொரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவள் தொழில்நுட்ப அதிகாரி செங்கமலம். வயது நாற்பத்தொன்று. அடிவாரத்தில் வயதான அப்பாவுடன் குடியிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருகிறவள். பதினோராம் நாள் அவளுக்குப் புரிந்தது. வெளியே வந்து, மலைக்காரர்கள் அண்டா என்று அழைக்கும் அந்தப் பெரிய அலைவாங்கித் தட்டைப் பார்த்தபடி அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஞானசிகாமணியின் அறைக்குப் போனாள்.

"பூட்டு அனுப்பியிருக்காங்க சார்."

"யாரு?"

"அது தெரியாது. ஆனா பூட்டு."

இரண்டு எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததை மட்டும் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது கடினம் என்று அவள் விளக்கினாள். முப்பத்து மூன்று என்றால் மூன்றும் பதினொன்றும் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். அறுநூற்றுப் பதினேழு இலக்கம் என்றால் பூமியில் உள்ள அத்தனை கணினிகளையும் ஒன்றாக உட்காரவைத்தாலும் சூரியன் அணைவதற்குள் முடியாது. பெருக்கிய எண் பூட்டு. அதை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். பெருக்கப்பட்ட இரண்டும் சாவி. அதைப் பூட்டுக்காரர் தன்னிடமே வைத்துக்கொள்வார். நம் வங்கிகள்கூட இதே வித்தையைத்தான் வைத்திருக்கின்றன. நட்சத்திரத்தில் இருப்பவர்களும் அதையே கண்டுபிடித்திருக்கிறார்கள். கணக்கு எங்கே போனாலும் கணக்குதான். அவர்கள் சின்னப் பூட்டுகளைச் சாவியோடு சேர்த்து அனுப்பி, இப்படிப் பூட்டு, இப்படித் திற என்று செய்துகாட்டியிருந்தார்கள். கடைசிப் பெரிய பூட்டுக்கு மட்டும் சாவி வரவில்லை.

"திறந்த பூட்டைக் கையில குடுத்திருக்காங்க சார். எதையாவது உள்ள வெச்சு அமுக்கினா பூட்டிக்கும். அப்புறம் அவங்க மட்டும்தான் திறக்க முடியும்."

"பூட்டினவங்க?"

"முடியாது."

"நானே பூட்டினாலும்?"

"நீங்களே பூட்டினாலும் சார்."

ஞானசிகாமணி சற்று யோசித்தார். "செயலாளர்கிட்ட சிறப்பு அனுமதி வாங்கினா?"

செங்கமலம் இல்லை என்று தலையை ஆட்டினாள். தன் கையெழுத்துக்குத் திறக்காத ஒன்று பிரபஞ்சத்தில் இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மேசை மணியை அடித்துத் தண்ணீர் கேட்டார்.

பத்தரைக்குத் தொடங்க வேண்டிய வரலாறு ஒன்றேகால் வரை காத்திருந்தது. அமைச்சர் வந்தார். பூமியின் முதல் வாழ்த்துச் செய்தி பன்னிரண்டு பக்கம். இரண்டு வாரமாக ஒரு குழு உட்கார்ந்து தயாரித்தது. அந்தப் பூட்டுக்குள் ஒரு தடவைக்கு எண்பது எழுத்துதான் பிடிக்கும், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து எண்பது, என்று செங்கமலம் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றும் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டன. அமைச்சர் பொத்தானை அமுக்கியதும் இயந்திரம் கீச்சென்று கத்தி, திரையில் சிவப்பாக "நீளம் அதிகம்" என்று காட்டியது. கேமராக்கள் முன்னால், அமைச்சரைப் பார்த்து, ஓர் இயந்திரம்.

ஞானசிகாமணி அவள் காதருகே குனிந்தார். "இந்தச் சத்தம் இனி இந்தக் கட்டடத்துல கேக்கக் கூடாது."

அவள் அங்கேயே அந்த எச்சரிக்கையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு இயந்திரம் மரியாதை கற்றுக்கொண்டது. எவ்வளவு அடித்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, முதல் எண்பதை மட்டும் பூட்டி, மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அமைச்சரின் பெயருக்கு முன்னால் போட வேண்டிய பட்டங்களே எண்பதைத் தாண்டியதால், அவர் பெயர்கூடப் போகவில்லை. பட்டங்கள் மட்டும் ஒளியின் வேகத்தில் கிளம்பின. இதைச் செங்கமலம் பிறகு தனியாகச் சொன்னபோது, முக்கியமானது போய்விட்டதே, அது போதும் என்றார் ஞானசிகாமணி.

வரலாறு அத்துடன் கலைந்து சாப்பிடப் போயிருக்கும். ஆனால் பேட்டியில் யாரோ ஒரு நிருபர் இந்தப் பூட்டை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா என்று கேட்க, பூட்டு எல்லோருக்கும் பொது என்று செங்கமலம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் மலைப்பாதையில் நாற்பது பேர் நின்றார்கள். அடுத்த வாரம் நாலாயிரம்.

அவர்கள் நட்சத்திரத்துக்கு வாழ்த்துச் சொல்ல வரவில்லை. பூமியில் எவராலும், எந்தப் போலீஸாலும், எந்த நீதிமன்றத்தாலும், எழுதியவராலேயேகூடத் திறக்க முடியாத பூட்டு ஒன்று கிடைத்திருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆளுக்கு ஒரு பூட்டு என்று அரசு விதி செய்தது. அண்டாவுக்குக் கீழே ஒரு சின்ன அறை கட்டினார்கள். ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு பச்சைப் பொத்தான். ஜனங்கள் அதைப் பூட்டறை என்றார்கள். உள்ளே என்ன அடித்தாலும் பொத்தானை அமுக்கியதும் திரை வெறுமையாகிவிடும். பூட்டிய வடிவத்தில் ஒரு நகல் மட்டும் கிடங்கில் சேரும். நகல் வைத்துக்கொள்ளாமல் எந்தத் தபாலையும் வெளியே விடக் கூடாது என்பது அலுவலக நடைமுறை. தபால் வேற்றுலகுக்குப் போனாலும் நடைமுறை நடைமுறைதான்.

செங்கமலம் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். "எண்பது எழுத்துதான் போகும், நேரா விஷயத்துக்கு வந்துருங்க." ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. சுவரில் பலகையும் உண்டு. பலகையை யாரும் படிப்பதில்லை. அதனால்தான் வாயால் சொன்னாள்.

உள்ளே போனவர்கள் வேறு முகத்தோடு வெளியே வந்தார்கள். தங்கப்பல் கட்டிய லாரி உரிமையாளர் ஒருவர் வந்து படியில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். சீருடை மாற்றிக்கொண்டு வந்தாலும் பூட்ஸ் காட்டிக்கொடுத்துவிட்ட ஒரு காவலர், அண்டாவைப் பார்த்துச் சல்யூட் அடித்தார். கல்யாணமாகி மூன்று நாளான ஒரு பெண் உள்ளே போய்ப் பத்தே நொடியில் திரும்பினாள். ஒரு பெயர் மட்டும் எழுதியிருப்பாள் போலிருக்கிறது. எத்தனையோ பேரைக் கிண்டலடித்துப் பழகிய டீக்கடை செல்லப்பாகூட, பூட்டறையிலிருந்து வருகிறவர்களுக்கு டீ கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். தலைக்கு மேலே அந்த வெள்ளைத் தட்டு அசையாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து புறப்பட்ட எண்கள், எழுதியவர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் செவ்வாயைத் தாண்டியிருக்கும். கூட்டத்தில் நிற்கும்போது சில சமயம் செங்கமலத்துக்குக் கை மயிர் சிலிர்க்கும். சாமி இல்லை, பூசாரி இல்லை, ஒரு பெருக்கல் கணக்கு. அதன் முன்னால் ஒரு நாடே நிமிர்ந்து உண்மை பேசுகிறது.

இருபத்தெட்டாம் நாள் ஒரு முதியவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் தடி. அடையாள அட்டையை நீட்டினார். இரா. வேதாசலம், ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிகாரி, ஆலம்பாடி.

அந்தப் பெயரைச் செங்கமலம் ஒன்பது வயதிலிருந்து அறிவாள். அவள் அப்பா அய்யாக்கண்ணு ஆலம்பாடிக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். ரயில் விடுவதற்கு முன் நிலைய அதிகாரி கேட்டுக்குப் போன் செய்ய வேண்டும். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து அடுத்த எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். அந்தத் தாளில் இருப்பது கேட் கீப்பருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் நிலைய அதிகாரி எழுதும் ஏட்டில் அந்த எண் இருந்தால் கேட் மூடப்பட்டது என்று அர்த்தம். ஒருநாள் மத்தியானம் கேட் திறந்திருக்க ரயில் வந்தது. டிராக்டரில் வந்த மூன்று பேர் செத்துப்போனார்கள். ஏட்டில் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது. அய்யாக்கண்ணுவின் தாளில் அடுத்த எண் நாற்பத்தேழுதான். எனக்குப் போனே வரவில்லை, நான் நம்பர் சொல்லவில்லை, தாளில் அது அடிக்கப்படாமல் இருக்கிறதே பாருங்கள் என்றார் அவர். நீ சொல்லாமல் உன் ரகசிய எண் அவருக்கு எப்படித் தெரியும் என்று விசாரணையில் கேட்டார்கள். அன்று காலை நிலைய அதிகாரி வேதாசலம் கேட் அறைக்குச் சோதனைக்கு வந்ததையும், மேசையில் தாள் விரிந்து கிடந்ததையும் அய்யாக்கண்ணு சொன்னார். அதற்கு ஆதாரம் இல்லை. வேலை போனது. இரண்டு வருடம் சிறை. வெளியே வந்த பிறகு அவர் எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பஸ் நம்பரைக்கூட விரலால் எழுதிக் காட்டுவார்.

செங்கமலம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். முந்நூறு பேரிடம் சொல்லும் வாக்கியத்தை அவரிடம் மட்டும் சொல்லவில்லை. கையால் நாற்காலியைக் காட்டினாள்.

அவர் வாசலிலேயே நின்று கேட்டார். "இதை வேற யாரும் படிக்க முடியாதுல்லம்மா?"

"முடியாது சார்."

"நீங்க?"

"என்னாலயும் முடியாது."

ஒற்றை விரலால் ஐம்பது நிமிடம் அடித்தார். வெளியே வந்தபோது முகம் கழுவித் துடைத்தது போலிருந்தது. தடியைக்கூட ஊன்றவில்லை. "முப்பத்திரண்டு வருஷம்மா," என்றார், யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்பது போல. "ஒரு கேட் கீப்பர் விஷயம். மொதல்லருந்து கடைசி வரைக்கும் எழுதிட்டேன். ஒண்ணு விடல."

"அந்தக் கேட் கீப்பர் பேரு அய்யாக்கண்ணு," என்றாள் அவள். "எங்கப்பா. கீழதான் இருக்காரு. பஸ்ல அரை மணி நேரம். வந்து அவர்கிட்ட சொல்லுங்க."

வேதாசலம் அவளை வெகுநேரம் பார்த்தார். பயம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அதான் சொல்லிட்டேனேம்மா," என்று அண்டாவைக் காட்டினார்.

"அங்க சொல்லி எங்கப்பாவுக்கு என்ன சார்?"

அவர் வந்த வேலை முடிந்திருந்தது. தடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்து மாதம் கழித்து, நிம்மதியாகத் தூங்கியபடியே போய்விட்டார் என்று ஆலம்பாடியிலிருந்து தகவல் வந்தது.

அந்தப் பூட்டைத் திறக்கச் சட்டப்படியும் சட்டத்துக்கு வெளியேயும் என்ன வழி உண்டு என்று செங்கமலம் பல மாதம் யோசித்தாள். வழி இல்லை என்பதை உலகத்திலேயே அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. இயந்திரத்தில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருந்தால், அடிப்பதைப் பூட்டுவதற்கு முன் படித்திருக்கலாம். வைக்கவில்லை. அவள்தான் அதைக் கட்டினாள், ஒழுங்காகக் கட்டியிருந்தாள். கடைசியில் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னாள். வேதாசலம் வந்தார், எல்லாவற்றையும் எழுதினார், பூட்டிவிட்டுப் போனார், இங்கே யாரும் படிக்க முடியாது.

அய்யாக்கண்ணு கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது ஒன்றுதான். "அங்க போய்ச் சேர எவ்வளவு நாளாவும்?"

"ஒம்பது வருஷம்ப்பா."

"சேந்துரும்ல?"

"சேந்துரும்."

"அப்ப சரி," என்றார். "எங்கயோ ஒருத்தனுக்காச்சும் தெரியப்போவுது."

அதற்குப் பிறகு அவர் சாயங்காலங்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தச் சிவப்பு நட்சத்திரம் இருக்கும் மூலையைப் பார்ப்பார். வெறும் கண்ணுக்கு அது தெரியாது என்று மகள் சொல்லியிருந்தாள். தெரியாவிட்டால் என்ன, அதற்கு என்னைத் தெரியுமே என்றார். இப்போது எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று அடிக்கடி கேட்பார். மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால். எட்டாவது வருடம் கண் மங்கிய பிறகும் தலை அந்தப் பக்கமே திரும்பும்.

ஒன்பது வருடம் முடிந்த நாளன்று காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். மகளைக் கூப்பிட்டார்.

"இன்னிக்குப் படிச்சிருப்பாங்க."

"ஆமாப்பா."

"நான் அந்த நம்பரைச் சொல்லல தாயி." நாற்பது வருடத்துக்கு மேலாக வாயில் வராத ஓர் எண்ணைத் தெளிவாகச் சொன்னார். "நாப்பத்தேழு. நான் சொல்லல. இப்ப அவங்களுக்குத் தெரியும்."

அன்று தெருவில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்துத் தூக்கத்தில் போனார். அவ்வளவு அமைதியான முகத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. தன் பெயர் சுத்தமாக இருக்கும் ஓர் உலகத்தை அவருக்குத் தெரியும், அது வெகுதூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பதினெட்டு வருடமும் நாற்பது நாளும் ஆனபோது பதில் வந்தது.

செங்கமலத்துக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. திரையில் முதலில் சின்ன எண்கள் ஓடின. மூன்று, பதினொன்று, முப்பத்து மூன்று. பழைய பாடத்தை நினைவூட்டுகிறார்கள். பிறகு இரண்டு நீண்ட எண்கள். அவள் அவற்றைப் பெருக்கிப் பார்த்தாள். அறுநூற்றுப் பதினேழு இலக்கம், ஒன்றுகூடப் பிசகாமல் அதே எண். இந்தப் பூமி எத்தனை கோடி வருடம் முயன்றாலும் கண்டுபிடிக்க முடியாத இரண்டு எண்கள், ஒரு மழைக்காலக் காலையில், பச்சைமலையில், அவள் முன்னால் எரிந்துகொண்டிருந்தன. சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

அவள் எழுந்து நின்றாள். அறையில் இருந்த மற்ற நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, நின்றார்கள்.

செய்தி வெளியே போன ஒரு மணி நேரத்தில் நாடு கிடுகிடுத்தது. பூட்டறையில் உட்கார்ந்தவர்கள் அதற்குள் இரண்டு லட்சத்து சொச்சம் பேர். அவர்களில் இப்போது நீதிபதிகள் இருந்தார்கள், மாமியார்கள் இருந்தார்கள், பூட்ஸ் போட்டவர்கள் ஏராளம் இருந்தார்கள். ஒரு காலத்தில் இங்கே குரலைத் தாழ்த்திக்கொண்ட அதே ஜனம் கல்லோடு மலையேறியது. கௌரவ ஆலோசகராகத் திரும்பி வந்திருந்த ஞானசிகாமணி, இது வேற்றுலகத்தார் மனித குலத்தின் மீது வைத்திருக்கும் எல்லையற்ற நம்பிக்கையின் சின்னம் என்று அறிக்கை விட்டார். கூடவே, அந்த நம்பிக்கையை மதித்துக் கிடங்கை மறுநாள் காலை பத்து மணிக்குள் எரித்துவிடுமாறு உத்தரவும் போட்டார்.

கிடங்குச் சாவி செங்கமலத்திடம் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனாள்.

அவளைக் கேட்காமலே ஞானசிகாமணியும் பின்னால் வந்தார். எழுபத்தாறு வயது, மூச்சு வாங்கியது. எதைத் திறக்கப்போகிறாள் என்று கேட்டார். சொன்னாள். அவர் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றுகொண்டார். "எனக்கு எதுவும் தெரியாது," என்றார். அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே சுருக்கமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இருபத்தெட்டாம் நாளின் நூற்றுப் பன்னிரண்டாவது பூட்டு. அவள் இரண்டு எண்களையும் இயந்திரத்துக்குக் கொடுத்தாள். இதைத் திறந்து, அச்செடுத்து, கோர்ட்டுக்குப் போகலாம். அப்பா பெயரை ரயில்வே ஏட்டில் திருத்தச் சொல்லலாம். வேண்டாம், அதெல்லாம்கூட வேண்டாம். நட்சத்திரத்துக்குத் தெரிந்தது தனக்கும் தெரிந்தால் போதும். ஒன்பது வருடம் போய், ஒன்பது வருடம் திரும்பி வந்த வெளிச்சத்தில் ஒரு மனிதனின் வாக்கு அப்படியே இருக்கும். அந்த நாற்பத்தேழும் அதில் இருக்கும். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

திரையில் இப்படி இருந்தது:

அனுப்புநர்: இரா. வேதாசலம், நிலைய அதிகாரி (ஓய்வு), 14, மேட்டுத் தெரு, ஆலம்பாடி. பெறுநர்: உயர்திரு விண்மீன் அவர்கள். ஐ

அதோடு எண்பது எழுத்து முடிந்துவிட்டது.